பறப்பதற்கு முன்னால் பார்!



மழை ரொம்பக் கொட்டினால் பஸ் டிரைவர் ஓரமாக நிறுத்திவிடுவார். விமானத்தை வானத்தில் ஓரமாக நிறுத்த முடியுமா? முடியாதே! அதனால் தரையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பெரிய விமானங்களுக்கு இதைக் கவனிக்க நிறைய ஆட்கள் உண்டு. நாலைந்து பேர் போகிற சின்னத் தனி விமானத்தில் பெரும்பாலும் ஓட்டுகிறவரேதான் பார்க்க வேண்டும்.

1. இப்போது வானிலை எப்படி?
விமான நிலையங்கள் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை 'மெட்டார்' என்ற அறிக்கை தரும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, எத்தனை நாட் வேகம் (1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.), எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும், மேகம் எவ்வளவு உயரத்தில் என்றெல்லாம் அதில் இருக்கும். வானத்தை 8 பங்காக வைத்து எத்தனை பங்கு மேகம் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

காற்றழுத்தமும் இருக்கும். அது எதுக்கு? விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும். அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகும்போது கருவியைத் திருத்தி வைக்காவிட்டால், இருப்பதைவிட அதிக உயரம் காட்டும். 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. 10 தவறினால் 300 அடி! இருட்டில் குன்று இருந்தால் என்ன ஆவது?

2. போய்ச் சேரும்போது எப்படி இருக்கும்?
இதைச் சொல்லும் முன்னறிவிப்புக்கு 'டாஃப்' என்று பெயர். இதில் உலகப் பொது நேரம்தான் போடுவார்கள். அதோடு 5.30 மணி கூட்டினால் நம்ம நேரம்.

3. வழி திறந்திருக்கிறதா?
வானத்திலும் 'பாதை அடைப்பு' உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது அந்தப் பக்க வான்வழியைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மூடுவார்கள். இப்படிப்பட்ட அறிவிப்புக்கு 'நோட்டாம்' என்று பெயர்.

பார்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன், 1999 ஜூலை 16 இரவு சின்ன விமானத்தைத் தானே ஓட்டிப் போனார். கிளம்பும் முன் வானிலைத் தகவல் வாங்கப்பட்டிருந்தது. அதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் கடல்மேல் இருட்டும் மங்கலும் சேர்ந்துகொண்டது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாதபோது நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பே நம்மை ஏமாற்றிவிடும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. விமானம் கடலில் விழுந்து அவரும், மனைவியும், மனைவியின் அக்காவும் இறந்துபோனார்கள். திசை நிலை தடுமாறியதே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

ஆகவே 'வானிலை நல்லா இருக்கா?' என்பது பாதிக் கேள்விதான். 'இந்த வானிலையில் ஓட்ட எனக்குத் தெரியுமா?' என்பது மீதிக் கேள்வி.

எங்க அப்பா கடலுக்குப் போகிறவர். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் காசு இருக்காது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். "கடல் எங்கயும் போயிடாது பாப்பா" என்பார். இந்தக் கட்டுரைக்காகப் படித்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

போகாமல் இருப்பதும் ஒரு தைரியம்தான்!


9-ஆம் வகுப்பு மாணவி