'பஸ்' எங்கிருந்து வந்தது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் குழப்பும் சொற்களில் 'பஸ்' ஒன்று. டேட்டா பஸ், அட்ரஸ் பஸ் என்கிறார்கள். யு.எஸ்.பி.யின் கடைசி எழுத்தும் பஸ்தான். சேலத்தில் ஏறி நாமக்கல்லில் இறங்குகிறோமே, அந்த பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு.

லத்தீன் மொழியில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று பொருள். இதில் 'எல்லோர்' என்ற பொருள் முன்பகுதியில்தான் இருக்கிறது. கடைசியில் உள்ள 'பஸ்', நம் 'கு' போல ஒட்டிக்கொண்ட வேற்றுமை உருபின் பகுதி. அவ்வளவுதான்! 1820களில் பிரான்சின் நாந்த் நகரிலும், 1829ல் லண்டனிலும், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற குதிரை வண்டிகளுக்கு இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் தலையும் பிழைத்திருக்கிறது. இரவில் சேலத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் 'ஆம்னி பஸ்'ஸைச் சொல்கிறேன். 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டிய வண்டி எல்லாமே ஆம்னிபஸ்தான். டவுன் பஸ்ஸும் சேர்த்து.

அடுத்து மின்சாரக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மின் நிலையங்களில் பல லைன்களுக்கும் பொதுவாக நிற்கும் உலோகப் பட்டைக்கு 'பஸ்பார்' என்று பெயர். கம்ப்யூட்டருக்கு வந்ததும் அதே பொருளில்தான். மதர்போர்டில் பிராசசர், மெமரி போன்றவை பொதுவாகப் பயன்படுத்தும் கம்பித் தடமே பஸ்.

1996ல் யு.எஸ்.பி. வந்தது. அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு வேறொரு துளை. 'யுனிவர்சல்' என்றாலும் எல்லாவற்றுக்கும், 'பஸ்' என்றாலும் எல்லோருக்கும். 'நடு சென்டர்' என்று நாம் சொல்வது போலத்தான். 'சீரியல்' என்றால் டி.வி. தொடர் போல ஒன்றன்பின் ஒன்றாக. தகவல் பிட்கள் வரிசையில் போகின்றன.

பொது வண்டி என்பதால் கூட்டம் சேர்ந்தால் நெரிசல்தான். யு.எஸ்.பி. 2.0வின் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். அதில் ஒரு ஹப் போட்டு நான்கு சாதனங்களைச் செருகினால் நான்கும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே வெளி ஹார்டு டிஸ்கை ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். உள்ளே நீல நிறம் தெரியும் துளை இருந்தால் அது பெரும்பாலும் வேகமான யு.எஸ்.பி. 3.0 ஆக இருக்கும்.

காப்பி முடிந்ததாகத் திரையில் காட்டினாலும், சில நேரம் கடைசித் தகவல்கள் மெமரியிலேயே காத்திருக்கும். அப்போது பென் டிரைவைப் பிடுங்கினால் கல்யாண போட்டோக்கள் திறக்காமல் போகலாம். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள 'சேஃப்லி ரிமூவ்' ஐகானை கிளிக் செய்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுங்கள்.