கண்ணை யாரிடம் காட்டுகிறோம்?



பார்வை மங்கினால் நம்மில் பலர் முதலில் போவது கண்ணாடிக் கடைக்குத்தான். பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கியதும் "கண்ணைக் காட்டியாச்சு" என்று இருந்துவிடுகிறோம். யார் யாருக்கு என்ன வேலை என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

கண் மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து தருவார், அறுவை சிகிச்சை செய்வார்.

ஆப்டோமெட்ரிஸ்ட்: பார்வையை அளந்து கண்ணாடி எழுதித் தருவார். நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவார்.

ஆப்டீஷியன்: எழுதிக் கொடுத்தபடி கண்ணாடி செய்து பொருத்துவார்.

சங்கம் எதற்கு?

நம் நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு 1930-இல் தொடங்கிய அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கம் இருக்கிறது. மருத்துவர் ஒருவர் கல்லூரியை விட்டு இருபது வருடம் ஆகியிருக்கலாம். சிகிச்சை முறைகளோ மாறிக்கொண்டே வருகின்றன. புதியதைக் கற்க ஆண்டு மாநாடு, பயிற்சி வகுப்புகள், ஆய்விதழ் ஆகியவற்றைச் சங்கம் நடத்துகிறது. அறுவை சிகிச்சையின்போது கிருமித் தொற்று வராமல் காப்பது போன்றவற்றுக்கு வழிகாட்டுதலும் தருகிறது.

ஆனால், மருத்துவம் பார்க்க அனுமதி தருவது சங்கம் அல்ல. மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரே மருத்துவர். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரையும் கவுன்சிலிடமே கொடுக்க வேண்டும். ஆப்டோமெட்ரி உள்ளிட்ட துறைகளுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்துள்ளது.

நாம் ஏன் கவனிக்க வேண்டும்?

கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் பார்வையைத் தின்னும். போன பார்வை திரும்பாது; கண்ணாடியும் உதவாது. சர்க்கரை நோயும் விழித்திரையைச் சத்தமின்றிக் கெடுக்கும். பவர் மட்டும் பார்த்தால் இவை பிடிபடாமல் போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கண்நீர் அழுத்தம் இருந்தால், மருத்துவரிடமே காட்டுங்கள்.

3. இலவச முகாமுக்குப் போனாலும் கேளுங்கள்: மருத்துவர் யார்? பதிவு எண் என்ன? அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில்? பிறகு வலித்தால் யாரிடம் வருவது?

இலவசம் என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் உம்மாவின் கண்ணுக்காகக் கேட்கிறீர்கள். நல்ல மருத்துவர் கோபப்படாமல் பதில் சொல்வார்.