மரச்சக்கரத் தாரைப்பொறி

நுழையும்முன்

வானில் வெண்கோடு இட்டுச் செல்லும் விமானத்தை அண்ணாந்து பாராதவர் இலர். அதனை உந்திச் செல்லும் பொறி பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமே பிறக்க வல்லது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. கடைசல் எந்திரமும் துளையிடும் கருவியும் கொண்ட சிறு பட்டறையில் அப்பொறியின் சிற்றுருவைச் செய்து ஓடவிட்ட முயற்சியை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

வரவும் செலவும்

ஜெட் எஞ்சின் எனப் பரவலாக அறியப்படும் தாரைப்பொறியின் அமைப்பு பார்வைக்கு எளியது. முன்புறம் காற்றை உள்ளிழுத்து அழுத்தும் அமுக்கி. நடுவில் எரிபொருள் எரியும் எரியறை. பின்புறம், விரைந்து வெளியேறும் வெங்காற்றால் சுழலும் சுழலி. அமுக்கியும் சுழலியும் ஒரே தண்டின் இரு முனைகளில் பூட்டப்பட்டவை. வெங்காற்றுத் தாரை பின்னோக்கிப் பாயும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பொறி முன்னோக்கி உந்தப்படுகிறது.

இந்த எளிமைக்குள் கடுமையானதொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காற்றை அழுத்த அமுக்கிக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைச் சுழலியே ஈட்டித் தர வேண்டும். சுழலியின் வரவு அமுக்கியின் செலவுக்கு ஈடாகும் வரை பொறி தானாக ஓடாது. வெளியிலிருந்து எவரேனும் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதே உந்துவிசை. ‘எளிய பொறி’ என்று நூல்கள் கூறுவதை இவ்விடத்தில் சற்று ஐயத்துடனேயே கொள்ளுதல் நன்று.

பொறி சிறிதாகச் சிறிதாக இக்கணக்கு மேலும் நெருக்குகிறது. காற்றைப் போதிய அளவு அழுத்தச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். சக்கரம் சிறுத்தால் அவ்வேகத்தை எட்டச் சுழற்சி பெருக வேண்டும். சக்கரத்துக்கும் உறைக்கும் இடையே தலைமயிர் அளவு இடைவெளி இருந்தாலும், சிறு பொறியில் அதன்வழிக் கசியும் காற்றின் பங்கு பெரிதாகிவிடும். எரியறை குறுகுவதால், காற்று அதனைக் கடக்கும் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் எரிபொருள் ஆவியாகி, கலந்து, எரிந்து முடிய வேண்டும்.

வால்வழி வந்த தீ

எரிதல் முற்றுப்பெறாத இடர் சிறு பொறிக்கு மட்டும் உரியதன்று. 1930களின் நடுவில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் என்னும் இளம் இயற்பியலாளர், மாக்ஸ் ஹான் என்னும் ஊர்திப் பட்டறை வினைஞரின் துணையோடு தம் சொந்தச் செலவில் ஒரு மாதிரிப் பொறியைச் செய்தார். அதனை ஓடவிட்டபோது தீ, எரியறைக்குள் அடங்காமல் பொறியின் பின்புறமாகப் பீறிட்டது. பொறி தானாக ஓடவில்லை. அதனைச் சுழற்றிய துணை மோட்டாரின் சுமை மட்டுமே குறைந்தது. தோல்வி எனத் தள்ளத்தக்க அச்சோதனையே கொள்கை சரி என்பதற்கும், குறை எரியறையில் உள்ளது என்பதற்கும் சான்றாயிற்று. பின்னர் ஹைன்கெல் நிறுவனத்தில் சேர்ந்த ஓஹைன், எளிதில் எரியும் ஹைட்ரஜனைக் கொண்டு 1937இல் பொறியை ஓட்டிக் காட்டினார். 1939 ஆகஸ்ட் 27 அன்று அவருடைய பொறி பூட்டிய ஹைன்கெல் 178 விமானம் பறந்தது. தாரைப்பொறியால் மட்டுமே பறந்த முதல் விமானம் அதுவே.

ஒட்டுப்பலகையின் வலிமை

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஜெர்மனியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்பவர், மாதிரி விமானங்களில் பொருத்தத்தக்க சிறு தாரைப்பொறியைப் பட்டறைக் கருவிகளாலேயே செய்ய முற்பட்டார். 1980களின் பிற்பகுதியில் வெற்றி கண்ட அவருடைய ஆய்வின் பயனாக உருவான பொறிகளுள் எஃப்.டி. 3/64 என்பது பெயர்பெற்றது. அதன் அமுக்கிச் சக்கரம் ஒட்டுப்பலகையால் ஆனது! கார்பன் இழையால் வலுவூட்டப்பட்ட அந்த மரச்சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75,000 முறை சுழன்றது.

மரம் தாங்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அவ்வாறு சுழலும்போது, அதன் விளிம்பு நொடிக்கு 250 மீட்டருக்கும் மிகுதியான வேகத்தில் செல்லும். பயணியர் விமானத்தின் வேகம் அது. விளிம்பில் உள்ள ஒரு கிராம் பொருளைத் தன் இடத்தில் பிடித்துவைக்க, ஏறத்தாழ 200 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும். எனவே சக்கரத்தைப் பிளக்க முனைவது சக்கரத்தின் சொந்த எடையே. கனமான உலோகம் வலியதாயினும் தன்னையே மிகுதியாக இழுக்கும். மரமோ இலேசானது, தன் சுமையையும் குறைத்துக்கொள்கிறது. இங்கே எடைபோட வேண்டியது வலிமையை மட்டுமன்று, எடைக்கேற்ற வலிமையை. அமுக்கியிலிருந்து வெளிவரும் காற்று இவ்வளவு சிறிய அழுத்தத்தில் கொதிநீரின் வெப்பத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே மரம் கருகும் அச்சமும் இல்லை.

சுழலியின் நிலை வேறு. அது பல நூறு பாகை வெப்பத்தில் சுழல்வது. ஷ்ரெக்லிங் அதனைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து வெட்டினார். வட்டத் தகட்டில் துளையிட்டு, விளிம்பிலிருந்து துளை வரை அறுத்து, இதழ்களை ஒவ்வொன்றாக முறுக்கித் தேய்த்து உருவாக்கும் முறை அது. பெருந்தொழிற்சாலையின் வார்ப்புச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் அதன் திறன் குறைவே. எனினும் வரவு செலவை மிஞ்சியது, அது போதும்.

ஓஹைனை வருத்திய எரிதல் சிக்கலுக்குக் கிடைத்த விடை, தமிழக வீடுகளில் முன்பு புழங்கிய காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பை நினைவூட்டுவது. அவ்வடுப்பில் எண்ணெய், சூடேறிய குழாயின் வழியே ஆவியாகி வந்து நீலச்சுடராக எரியும். இப்பொறியிலும் எரியறைக்குள் தீயின் நடுவே செல்லும் குழாய்களில் எரிபொருள் ஆவியான பின்னரே எரிகிறது. அடுப்பை முதலில் வேறு தீயால் சூடேற்றுவது போல, இத்தகைய பொறிகளையும் எரிவாயுவால் சூடேற்றிய பிறகே நீர்ம எரிபொருளுக்கு மாற்றுவர்.

தெரிந்து தெளிவோம்

மேற்கூறிய சக்கரத்தின் விளிம்பில் அரை அரிசிமணியின் எடை, அதாவது ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு, ஒரு பக்கம் கூடினால் அது தண்டை ஏறத்தாழ 20 நியூட்டன் விசையோடு இழுக்கும். நொடிக்கு 1,250 முறை அவ்விழுப்பு திசை மாறும். பொறி தரும் மொத்த உந்துவிசையே ஏறத்தாழ அவ்வளவுதான்.

சோதனைக் களம்

சிறு பொறி செய்வோர் செய்யும் நேரத்தைவிடச் சமன்செய்யும் நேரமும் சோதிக்கும் நேரமும் குறைந்தனவல்ல. கனத்த பக்கத்தைக் கண்டறிந்து சிறிது தேய்த்து, மீண்டும் சுழற்றிப் பார்த்து, மீண்டும் தேய்க்க வேண்டும். இதில் பொறுமை இழந்தவரின் தாங்கிகள் நிமிடங்களில் தேய்ந்துவிடும். அதன்பின் சக்கரம் உறையில் உரசும்.

சோதனையின்போது பொறி, முன்பின் நகரத்தக்க தொட்டிலில் பொருத்தப்படும். அதன் நகர்வைத் தடுக்கும் வில்தராசு உந்துவிசையைக் காட்டும். சுழற்சி, வெளிவரும் காற்றின் வெப்பம், எரியறை அழுத்தம் ஆகியவை தனித்தனியே அளக்கப்படும். ஊதியின் காற்றால் சக்கரம் சுழலத் தொடங்கும், எரிவாயு பற்றும், சீழ்க்கை போன்ற ஒலி மெல்ல உயரும். ஊதியை விலக்கிய பின்னும் சுழற்சி குறையாமல் நிலைத்தால், வரவு செலவை வென்றுவிட்டது என்று பொருள். குறைந்தால் மீண்டும் பட்டறைக்கே செல்ல வேண்டும். அளவுகருவிகளின் முன் சமாதானம் எதுவும் செல்லாது.

சுழலும் சக்கரங்களின் தளத்தில் எவரும் நிற்பதில்லை. சக்கரம் உடைந்தால் அதன் துண்டுகள் அத்தளத்தில்தான் துப்பாக்கிக் குண்டுகளெனப் பாயும். இயக்குபவர் தடுப்புக்குப் பின்னால் நின்று தொலைவிலிருந்தே எரிபொருளைக் கட்டுப்படுத்துவார். எரிபொருளை உடனே நிறுத்தும் அடைப்பான் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதுவும் சில வேளைகளில் போதாது. 1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஃபிராங்க் விட்டில் தம் முதல் பொறியை ஓட்டியபோது, அடைப்பானை மூடிய பின்னும் சுழற்சி ஏறிக்கொண்டே போயிற்று. சுற்றியிருந்தோர் ஓடினர். எரியறையின் அடியில் முன்னரே கசிந்து தேங்கியிருந்த எரிபொருளே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. இன்றும் சிறு பொறிகளைத் தொடங்குமுன் தேங்கிய எரிபொருளை வடித்து, காற்றூதி வெளியேற்றுவது கட்டாய வழக்கம். துணைக்கு ஆளும் தீயணைக்கும் கருவியும் இன்றி இத்தகைய சோதனையை எவரும் மேற்கொள்வதில்லை. பள்ளி மாணவர் செய்து பார்க்கத்தக்க செயலும் அன்று இது.

பட்டறையிலிருந்து வானுக்கு

ஷ்ரெக்லிங் தம் வரைபடங்களையும் கணக்குகளையும் மறைத்துவைக்காமல் நூலாக வெளியிட்டார். அதைக் கற்றவர்கள் பல நாடுகளில் பொறிகளைச் செய்தனர். தாமஸ் காம்ப்ஸ் உள்ளிட்டோர் உருவாக்கிய கே.ஜே. 66 பொறியில், மரச்சக்கரத்தின் இடத்தை ஊர்திகளின் டர்போசார்ஜரில் உள்ள 66 மில்லிமீட்டர் உலோகச் சக்கரம் பெற்றது. நாளடைவில் நிறுவனங்கள் இவ்வகைப் பொறிகளை மின்னணுக் கட்டுப்பாட்டுடன் விற்கத் தொடங்கின. 2008 செப்டம்பர் 26 அன்று ஸ்விட்சர்லாந்து விமானி இவ் ரோசி, இத்தகைய நான்கு சிறு பொறிகள் பொருத்திய இறக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, பிரான்சின் கலே நகரின் மேலே விமானத்திலிருந்து குதித்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவரில் இறங்கினார்.

கற்பவை கற்றபின்

1. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தை எட்ட, அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல வேண்டும் எனக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. ‘ஓஹைனின் முதல் சோதனை தோல்வியா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.