கொள்ளை நோய்க் காலத்தில் கடை நடத்துவது எப்படி?



நோய்க்காக மனிதரை ஒதுக்கி வைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்க வைத்து, தொற்று இல்லை என்று கண்ட பிறகுதான் அக்கரைக்கு அனுப்பினார்கள். அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2020-ல் அதே ஒதுக்கல் நம் கடை வாசலுக்கே வந்தது.

ஆர்.எஸ்.மங்கலத்தில் 38 ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். புயலும் வறட்சியும் பார்த்தவன். புயலில் சரக்கு நனையும், ஆள் இருப்பான். நோயிலோ சரக்கு அப்படியே இருக்கும்; ஆள் படுத்துவிடுவான். ஆகவே ஒரே வாசலை, ஒரே ஊர்க் கொள்முதலை, ஒரே ஆளை நம்பி நிற்கும் கடைதான் முதலில் சாயும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நான்கு பாடங்களாகத் தருகிறேன்.

1. கூட்டம் லாபமல்ல

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மளிகைக்கு விலக்கு உண்டு என்றாலும், மார்ச் 29 முதல் பிற்பகல் 2.30 மணி வரை, ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை என்று நேரம் சுருங்கிக்கொண்டே போனது. நாள் முழுதும் நடக்க வேண்டிய வியாபாரம் ஏழு மணி நேரத்தில் முட்டி மோதியது.

முதல் வாரத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் நீட்டியவர்களுக்கெல்லாம் கேட்டதை அள்ளிக் கொடுத்தேன். ஒருவரே நான்கு சிப்பம் அரிசி எடுத்துப் போனார். கல்லா நிறைந்தது. ஆறாம் நாள், கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பல வருட வாடிக்கை, தவணை தவறாதவர். அவருக்குக் கொடுக்கத் துவரம்பருப்பு இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்கை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒருவர் வெறுங்கையோடு போனால் ஒரு கிராமமே வெறுங்கையோடு இருக்கிறது என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே சீட்டு முறைக்கு மாறினோம். மாலையில் போன் மூலம் அல்லது சீட்டில் பட்டியல். இரவில் பொட்டலம், மேலே பெயர். காலையில் கிராமத்துக்கு ஒரு நேரம், பின்வாசலில் பட்டுவாடா. இருக்கும் சரக்கை வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத் தக்கபடி பங்கிட்டோம். விற்பனை சிறிது குறைந்தது. விட்டுப்போன வாடிக்கை திரும்பியது.

கூட்டத்தின் ஆபத்துக்குப் பெரிய சாட்சி சென்னை கோயம்பேடு. அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவ, 2020 மே 5-ல் சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் 28-ல்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. நாமே கூட்டத்தைப் பிரிக்காவிட்டால் நோய் வந்து கடையையே மூடிவிடும்.

2. கொள்முதலுக்கு இரண்டு வழி

பருப்பும் எண்ணெயும் விருதுநகர், மற்றவை மதுரை என்பதே எங்கள் பழக்கம். சரக்கு லாரிக்குத் தடையில்லை. ஆனால் ஏற்றி இறக்க ஆள் இல்லை, திரும்பி வர லோடு இல்லை. வாடகை ஏறியது. பழக்கமில்லாத மண்டிக்குப் போன் செய்தால், முன்பணம் கட்டச் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. முகம் தெரியாதவனுக்கு யார் சரக்கு அனுப்புவார்?

ஆகவே நல்ல நாளிலேயே இரண்டாவது ஒரு மண்டியில் சிறிதளவாவது வாங்கி வாருங்கள். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலானாலும் அது நஷ்டமல்ல. பழக்கத்துக்குக் கொடுக்கும் விலை. அதோடு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, சர்க்கரை, தேயிலை, சோப்பு, தீப்பெட்டி போன்ற அன்றாடச் சரக்கு எத்தனை நாளைக்குக் காணும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோய்க் காலத்தில் குளிர்பானத்திலும் அலங்காரப் பொருளிலும் முடங்கிய பணம் உதவாது.

3. பாக்கியைப் பிரித்து வையுங்கள்

நம் பகுதியில் கடை பாக்கி தீருவது நெல்லிலும் மிளகாயிலும்தான். 2020-ல் குண்டு மிளகாய் எடுக்கும் பருவத்தில் ஊரடங்கு வந்தது. சந்தை நின்றது; விவசாயி கையில் பணமில்லை; கிராமக் கடைக்காரர் கையிலும் இல்லை. பழைய பாக்கியைக் கட்டினால்தான் சரக்கு என்று நான் நின்றிருந்தால் இருவருமே மூழ்கியிருப்போம்.

அதனால் மார்ச் வரை இருந்த பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அறுவடை வரை கேட்பதில்லை என்று பேசிக்கொண்டோம். புதுச் சரக்குக்கு ரொக்கம் மட்டும். மூன்று பேர் நீங்கலாக மற்ற எல்லோரும் கட்டி முடித்தார்கள்.

வங்கிக் கடனில் இன்னொரு பாடம். 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. பலர் இதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுவதே நல்லது.

4. ஆளே முதல்

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 2021 மார்ச்சிலேயே 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. கடை வேலை இருக்கிறது, நாளை போகலாம் என்று தள்ளினேன். மே இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. கடை பிற்பகலுக்கு முன்பே அடைக்க வேண்டிய நாட்கள் அவை. இருக்கும் நேரத்தையும் விடக் கூடாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் கல்லாவில் உட்கார்ந்தேன். நாக்கில் ருசி போன பிறகே பரிசோதனைக்குப் போனேன். நான் பிழைத்துக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மே 24 முதல் மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. 31 முதல் போனில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி வந்தது. எங்களிடம் சீட்டு முறை தயாராக இருந்தது. ஆனால் யார் பாக்கி எவ்வளவு, எந்த மில்லுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது கணக்கப்பிள்ளை தலையிலும், அவருக்கு மட்டுமே புரியும் குறிப்பிலும் இருந்தது. பேரேடு முன்னால் இருந்தும் நாங்கள் குருடர்களாக நின்றோம்.

அவர் வீடு திரும்பினார்; கடைக்குத் திரும்பவில்லை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவருக்கு மாதச் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது. அது என் தர்மமல்ல, என் கடன்.

இப்போது எங்கள் கடையில் பேரேடு எழுத மூன்று பேருக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் முதலாளியானாலும் வீட்டில் இருக்க வேண்டும். வேலையாளுக்கு அந்த நாள் சம்பளம் பிடிப்பதில்லை. பிடித்தால் அவன் காய்ச்சலை மறைப்பான். பதினைந்து நாள் கடை அடைத்தாலும் சம்பளமும் வாடகையும் கொடுக்கும் அளவு பணம் தனியே வங்கியில் கிடக்கிறது. அதைக் கொள்முதலுக்குத் தொடுவதில்லை.

அடுத்த நோய் எந்தப் பெயரில் வருமோ, நமக்குத் தெரியாது. இந்த வாரம் ஒரு நாள் கடை அடைத்த பிறகு, உங்கள் மகனையோ மருமகளையோ நம்பிக்கையான வேலையாளையோ அருகில் உட்கார வைத்துப் பேரேட்டைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் விட்டதன் விலை எனக்குத் தெரியும்.