பெட்டி வருவதற்கு முன்னால்

திருப்பூர்ப் பக்கம் சின்ன பரிசோதனைக்கூடம் எங்களுடையது. சாயக் கழிவுநீரில் ஈயம், துத்தநாகம், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. அதற்காக, அசிட்டிலின் வாயுச் சுடரில் உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ். (அணு உட்கவர் நிறமாலை) கருவி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தோம். அறையை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஒரு கையேடு வந்தது. அதை டிராயரில் போட்டுவிட்டுத் தெரிந்த ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வாயு வருவதற்குச் சுவரோரமாகப் பளபளவென்று செம்புக் குழாய் இழுத்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கருவியை நிறுவ வந்த பையன் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, “இதைக் கழற்றிட்டுக் கூப்பிடுங்க சார், அதுவரைக்கும் பெட்டியைப் பிரிக்க மாட்டேன்” என்றான். கோபம்தான் வந்தது. பிறகு விளக்கினான். அசிட்டிலின் செம்போடு சேர்ந்தால் குழாய்க்குள் செம்பு அசிட்டிலைடு படியும். அது காய்ந்தபின் லேசாகத் தட்டினாலே வெடிக்கும். வேதியியல் படித்தவன் நான். இது தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம்.

அசிட்டிலின் சிலிண்டர் வேறு ரகம். உள்ளே வாயு அசிட்டோனில் கரைந்து நிற்கிறது. படுக்கப் போட்டால் அசிட்டோனும் சேர்ந்து வரும். அழுத்தம் ரொம்பக் குறைந்தாலும் அதே கதைதான். 7 பாருக்கு இறங்கியதும் மாற்றிவிடுகிறோம். கடைசிச் சொட்டு வரை ஓட்டும் சிக்கனம் இங்கே செல்லாது. ரெகுலேட்டரின் வெளிப்பக்க அழுத்தத்தை 1 பாரைத் தாண்ட விடக் கூடாது. சிலிண்டர்களை வெளியே நிழலில், சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

சுடருக்கு மேலே புகைக்கூண்டு வைத்தாயிற்று, மோட்டாரும் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், கொத்தனார் குழாயைக் கூரைக்கு வெளியே விடாமல் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே முடித்திருந்தார். சுமார் 2,300 டிகிரி சுடரின் சூடும் உலோக ஆவியும் எங்கள் தலைக்கு மேலேயே தேங்கியிருக்கும். அன்றிலிருந்து குழாய் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்த வேலைக்கும் பணம் கொடுப்பதில்லை.

எர்த் விஷயத்தில் எலக்ட்ரீஷியன் சொன்னதை நம்பினேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது கையேடு. மீட்டர் வைத்தால் 9 காட்டியது. பாறை மண், அதிலும் சித்திரை மாதம், எர்த் குழி வறண்டு கிடந்தது. கருவிக்கென்று தனிக் குழி தோண்டினோம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது வாட்ச்மேன் அண்ணனின் வேலை.

தராசை ஏ.சி. காற்று படாத மூலையில் கல்மேடையில் வையுங்கள். கருவியிலிருந்து வடியும் கழிவுநீருக்கான கேன் பிளாஸ்டிக்காக, வாய் அகன்றதாக, கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். கண்ணாடி பாட்டில் ஆகவே ஆகாது. கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். பெட்டி கதவில் நுழையாமல் நாங்கள் ஜன்னல் கம்பியை அறுத்தோம்.

ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கையேட்டில் உள்ளதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் மெக்கானிக்கிடமும் கொடுங்கள். இப்போது நான் கொடுக்கும் தாளில் முதல் வரி: அசிட்டிலினுக்குச் செம்பு ஆகாது.