நத்தார் ரோட்டா எழுதும் பிள்ளைக்கு



உம்முடைய கெயார் ஹோமில் ஒட்டப்போகும் நத்தார்கால அறிவித்தலை அனுப்பி, "ஒருக்காப் பாருங்கோ அங்கிள்" என்று கேட்டிருந்தீர். நல்லாயிருக்கு என்று ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். நாலாவது பத்தி விடவில்லை. உம்மைப்போல பிரித்தானியாவில் மனிதவளப் பிரிவுகளில் சேர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

வருடத்துக்கு 5.6 கிழமை லீவு, வங்கி விடுமுறை நாளில் வீட்டில் நிற்கவோ இரட்டைச் சம்பளம் கேட்கவோ சட்டத்தில் தனி உரிமை கிடையாது, ஒப்பந்தம் சொல்வதுதான் முடிவு என்பதெல்லாம் நீர் படித்துவிட்டு வந்த பாடம். அதற்குள் நான் போகவில்லை.

நாலாவது பத்தியில் எழுதியிருக்கிறீர்: "நத்தார் கொண்டாடாத ஊழியர்கள் 25ஆம் திகதி வேலைக்கு முன்வருவார்கள் என எதிர்பார்க்கிறோம்." யார் கொண்டாடாதவர் என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறீர்? பெயரை வைத்தா, நெற்றியை வைத்தா? 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கையையும் நம்பிக்கை இல்லாமையையும் சேர்த்தே பாதுகாக்கிறது. மதம் பார்த்து ரோட்டா போட்டால் நாளைக்குத் தீர்ப்பாயத்தில் பதில் சொல்லவேண்டியவர் உம்முடைய முதலாளி. ஆனால் எனக்கு எரிச்சல் மூட்டியது சட்டம் இல்லை. இதே வசனத்தை இளவயதில் காதாலே கேட்டவன் நான்.

அப்போது வட லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நவம்பர் வந்தால் மனேஜர் சிரித்த முகத்தோடு வருவார். "உங்களுக்கு நத்தார் இல்லைத்தானே?" என்பார். எங்கள் பெயர்கள் ரோட்டாவில் ஏறிவிடும். சலவைப் பகுதியில் பாசையூர்க்காரி ஒருத்தி இருந்தா. அந்தோனியார் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவ. பெயர் சுத்தத் தமிழ்ப் பெயர், அதனால் மனேஜரின் கணக்கில் அவவும் சைவம். நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டு, கண் மூடாமல் விடியப்புறம் வேலைக்கு வருவா. ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னால் உங்களில் ஒராளுக்குத்தானே அந்த நாள் விழும்" என்பா.

சைவக்காரருக்கும் அது சும்மா நாளில்லை. உம்முடைய வீட்டிலேயே மாமா, சித்தி எல்லாரும் கூடுவது 25ஆம் திகதிதானே? 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக்கூடாது. சூப்பர்மார்க்கெட்டில் நிற்கிற சனத்துக்கெல்லாம் அன்று ஒன்றாக லீவு கிடைக்கும். (மூலைக்கடை வைத்திருக்கிற எங்கள் ஆக்கள் அன்றும் திறந்துதான் வைத்திருப்பார்கள், அது வேறு கதை.)

போன வருடம் 25ஆம் திகதி வேலை செய்தவர்களின் பட்டியலை எடும். அவர்கள் இந்த முறை வீட்டில். மிச்சப்பேரிடம் 25, 26, முதலாம் திகதி மூன்றிலும் எது வேண்டும் என்று மட்டும் கேளும், காரணம் கேட்க வேண்டாம். தைப்பொங்கலுக்கு லீவு தந்தால் 25 செய்கிறேன் என்று தானாக ஒருவர் வந்தால் சந்தோஷமாக எழுதிக்கொள்ளும். "முதலில் கேட்டவருக்கே லீவு" என்ற விதியையும் தூக்கும். கணினிக்கு முன்னால் இருக்கிற ஒபீஸ் ஆக்கள்தான் எப்போதும் முதலில் கேட்பார்கள்.

இனி என்னுடைய பழைய பாட்டு. என்னோடு வேலை செய்தவர்கள் இந்த இடத்தில் எழும்பிப் போய்விடுவார்கள். 25ஆம் திகதி ஆட்களை வரச் சொல்லியிருக்கிறீர், எப்படி வருவார்கள் என்று ஒரு சொல் இல்லை. அன்று லண்டனில் டியூப் இல்லை, பஸ் இல்லை, வெளியூர் ரயிலும் இல்லை. 24ஆம் திகதி இரவு ஷிஃப்டுக்கு பஸ்ஸில் வந்த பிள்ளை, காலை எட்டு மணிக்கு வேலை முடித்து வீடு போக வழியில்லாமல் வாசலில் நிற்கும். 26ஆம் திகதியும் ரயில்கள் அரைகுறைதான். மனேஜரிடம் கார் இருக்கும். கெயார் விசாவில் வந்து ஒரே அறையில் மூன்று பேரோடு இருக்கிற பிள்ளையிடம் இருக்காது. அன்றைக்கு டாக்சிக்காரர் கேட்கிற காசில் அந்தப் பிள்ளையின் பாதிச் சம்பளம் போய்விடும். நடந்தே வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஐஸில் சறுக்கி மணிக்கட்டு உடைந்தவரோடு ஆஸ்பத்திரியில் இருந்துமிருக்கிறேன். யாரிடம் கார் உண்டு, அவர் யாரை ஏற்றி வரலாம், மிச்சப்பேருக்கு எத்தனை மணிக்கு டாக்சி என்று தெருப்பெயரோடு ஒரு தாள் வேண்டும். செலவு நிறுவனத்துடையது. அதற்கு வரி வருமா என்று கணக்காளரைக் கேளும், வந்தால் அதையும் நிறுவனமே கட்டட்டும்.

பார்ட்டிக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர். அதில், நார்தாம்ப்டனில் 2011 டிசம்பரில் ஒரு நிறுவனத்தின் பார்ட்டி முடிந்தபிறகு ஹோட்டலில் தொடர்ந்த குடியில் நிர்வாக இயக்குநர் ஊழியரை அடித்து, அந்த ஊழியருக்கு மூளை பாதிக்கப்பட்டதும், 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தையே பொறுப்பாக்கியதும் வந்திருக்கிறது. பாலியல் தொந்தரவை முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற 2024 ஒக்டோபர் கடமையும் வந்திருக்கிறது. சரிதான். அரைப் பக்கம் போதும்.

ஆனால் அந்தச் சம்பளப் பத்திக்காக உம்மைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவேன். டிசம்பர் 20இல் முன்கூட்டிச் சம்பளம் போட்டால் அடுத்தது ஜனவரி 31, இடையில் ஆறு கிழமை. அந்த ஆறு கிழமையை நாள்காட்டியில் வரைந்தே காட்டியிருக்கிறீர். அதைவிடப் பெரிய விஷயம், காசு முன்னுக்குப் போனாலும் வரித்துறைக்கு வழமையான சம்பளத் திகதியையே அறிவிக்கவேண்டும் என்று சம்பளப் பிரிவுக்குக் குறிப்பு வைத்தது. அதைத் தவறவிட்டால் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற ஊழியருக்கு ஒரே மாதக் கணக்கில் இரண்டு சம்பளம் வந்ததாகக் காட்டி உதவிப்பணம் வெட்டுப்படலாம். பெரிய பெரிய பதவியில் இருந்தவர்கள் எழுதிய எத்தனையோ நத்தார் அறிவித்தல்களை வாசித்திருக்கிறேன். இந்தப் பத்திக்குக் கிட்ட நிற்க அவற்றில் ஒன்றுக்கும் தகுதி இல்லை.

நாலாவது பத்தியை இன்றைக்கே வெட்டும். டாக்சித் தாளை நவம்பர் முடியமுதல் போட்டுவிடும், டிசம்பர் பிறந்தபிறகு தேடினால் ஒரு காரும் அகப்படாது.

அன்புடன்,
அங்கிள்