தினமும் போனாலும் தாமதமா?

கேள்வி: எனக்கு வயது 44. பல வருஷமாக மலச்சிக்கல். இசப்கோல், கீரை, வாழைத்தண்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது தினமும் காலையில் கொஞ்சமாவது போய்விடுகிறேன். ஆனால் முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது, வயிறும் கனமாகவே இருக்கிறது. ஏதோ மாத்திரைகளை விழுங்கச் சொல்லி, பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குடலின் வேகத்தை அளக்கலாம் என்கிறார் மருத்துவர். எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறேன் என்று சொன்னாலே வேகம் தெரிந்துவிடாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தெரியாது, அம்மா. ஆனால் தெரியும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எத்தனை முறை போகிறோம் என்பது வேறு, சாப்பிட்டது வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு. கோயிலின் தர்ம தரிசன வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி வாசலில் நின்று, மணிக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணலாம். அவர்கள் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. வரிசை குட்டையோ நீளமோ, உள்ளே போகிற கணக்குக்கு ஆட்கள் வெளியே வந்துகொண்டுதான் இருப்பார்கள். இன்று காலை போனது நேற்றைய சாப்பாட்டின் சக்கை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது நான்கு நாளுக்கு முந்தையதாகவும் இருக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை போகிறவரின் குடல் சரியான வேகத்திலேயே இருக்கலாம். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பு என்றுதான் மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

எண்ணிக்கையைவிட மலத்தின் உருவம் நம்பகமான சாட்சி. சாப்பிட்டது இரைப்பையையும் சிறுகுடலையும் பெரும்பாலும் அரை நாளுக்குள் கடந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில்தான். தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் அங்கே வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிவிடுகிறது. தங்கும் நேரம் கூடக் கூட மலம் காய்ந்து உருண்டை உருண்டையாகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் இதை வைத்துத்தான் மலத்தை ஏழு வகையாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு வகையும் மெதுவான குடலின் அடையாளம். ஆனாலும் இது ஊகம்தான், அளவு அல்ல.

அளக்கும் வழியை 1969இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹின்டன், லெனார்ட் ஜோன்ஸ் ஆகியோரின் குழு வெளியிட்டது. எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய 20 சிறு பிளாஸ்டிக் துண்டுகளை விழுங்கச் செய்து, அவை எப்போது வெளியேறுகின்றன என்று பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஐந்து நாளுக்குள் 80 சதவீதத் துண்டுகளை வெளியேற்றிவிட்டார்கள். ஐந்தாம் நாள் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே தங்கியிருந்தால் தாமதம் என்று இன்றும் பல இடங்களில் முடிவு செய்வது இதன் வழியில்தான்.

எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 1987இல் எளிமைப்படுத்திய முறை. 24 வளையங்கள் அடைத்த காப்ஸ்யூல் ஒன்றைத் தினமும் ஒரே நேரத்தில் மூன்று நாள் விழுங்க வேண்டும். நான்காம் நாள் அதே நேரத்தில் ஒரு வயிற்று எக்ஸ்ரே. நாளுக்கு 24 என்றால் மணிக்கு ஒன்று என்ற கணக்கு. மணிக்கு ஒருவர் சேரும் வரிசையில் 40 பேர் நிற்கிறார்கள் என்றால், ஒருவர் 40 மணி நேரம் நிற்கிறார் என்றுதானே அர்த்தம்? படத்தில் 40 வளையங்கள் இருந்தால் பெருங்குடல் கடப்பு நேரம், அதாவது சக்கை பெருங்குடலைக் கடக்க எடுக்கும் நேரம், 40 மணி. வேறு கணிதமே வேண்டாம். 72ம் அப்படியே இருந்தால் ஏழாம் நாள் இன்னொரு படம் எடுப்பார்கள். மேயோ ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் சராசரி 35 மணி நேரம். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம்.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு சங்கடம் உண்டு. நார்ச்சத்து மிகுந்த உணவு சாப்பிடும் இந்தியர்களுக்குக் குடல் வேகம் பொதுவாக அதிகம். ஐந்தாம் நாள் வரை காத்திருந்தால், நம்மவர்களில் மந்தமான குடல் உள்ளவருக்குக்கூடப் படம் சுத்தமாக வந்துவிடலாம். அதனால்தான் லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிலையத்தில் கோஷல் குழுவினர் 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக மூன்று தவணை கொடுத்து, 36, 60ஆவது மணி நேரங்களில் படம் எடுக்கும் முறையை வகுத்தார்கள். உங்கள் மருத்துவமனை எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தயங்காமல் கேளுங்கள். முறை தெரியாவிட்டால் அறிக்கையில் உள்ள எண்ணுக்குப் பொருளே இல்லை.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல்: 'முக்கித்தான்'. மலச்சிக்கல் என்றால் குடல் மந்தம் என்று நினைக்கிறோம். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களில் நிறையப் பேருக்குக் கடப்பு நேரம் இயல்பாகவே இருக்கிறது. இன்னும் பலருக்குக் கோளாறு கடைசி வாசலில்தான். முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை, தளராமல் இறுகிக்கொள்கிறது. ஒத்திசைவற்ற மலங்கழிப்பு என்று இதைச் சொல்வோம்: மேலே தள்ளும்போது கீழே மூடிக்கொள்ளும் நிலை. வாசல் அடைத்தால் வரிசை முழுவதும்தானே தேங்கும்? இவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயிலும் வளையங்கள் தேங்கி நிற்கும். அதைப் பார்த்துக் குடல் மந்தம் என்று முடிவு கட்டினால் தவறான வைத்தியம் தொடங்கிவிடும். வளையங்கள் மலக்குடல் பக்கம் குவிந்திருந்தால் வாசல் கோளாறு, எங்கும் சிதறிக் கிடந்தால் மந்தம் என்று சொல்வதுண்டு. அதை மட்டும் நம்பிவிட முடியாது.

ஆகவே நார்ச்சத்தும் மலமிளக்கியும் பலன் தராதபோது, முதலில் வாசலைச் சோதிப்பதே முறை. மலக்குடலில் நீர் நிரப்பிய சிறு பலூனை வைத்து வெளியே தள்ளச் சொல்லும் சோதனை ஒன்று. அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி இன்னொன்று. கோளாறு அங்கே என்றால் பயோஃபீட்பேக் பயிற்சி, அதாவது தசையின் இயக்கத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத் தளர்த்தப் பழகுவது, நல்ல பலன் தருகிறது. அது சரியானதும் பலருக்குக் கடப்பு நேரமும் தானே குறைந்துவிடுகிறது. இந்தச் சோதனைகள் உங்களுக்கு ஆகிவிட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவு, இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மருந்துகள் எல்லாம் மலச்சிக்கலை உண்டாக்கும். சாப்பிடும் மருந்துகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை இருந்தால் இந்த அளவெல்லாம் பிறகு, கொலோனோஸ்கோபி முந்தி.

எக்ஸ்ரேக்குப் போவதானால் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். மலமிளக்கியை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் பேதி மாத்திரையோ எனிமாவோ எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளையங்கள் செரிக்காது, உடம்பில் சேராது, தானாகவே வெளியேறிவிடும். அவற்றை நீங்கள் தேடி எண்ண வேண்டியதில்லை.